அத்தியாயம் 6: வின்ச்சுக்கு எந்தக் கயிறு? இரும்பா, சிந்தெடிக்கா?

வின்ச் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். கயிற்றைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டுல எது ஸ்ட்ராங்?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சரியான அளவில் வாங்கினால் இரண்டு கயிறுமே வின்ச் இழுக்கும் சுமையைத் தாங்கும். அவை வேறுபடுவது கெட்டுப்போகும் விதத்தில். இரும்புக் கயிறு துருவாலும் மடிப்பாலும் கெடும். மெல்ல மெல்ல, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி கெடும். சிந்தெடிக் கயிற்றை உரசலும் சூடும் கெடுக்கும்; பாறை விளிம்பில் உரசினால் ஒரே இழுப்பில் கதை முடிந்துவிடலாம்.

ஆகவே நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. வண்டி எந்த மாதிரி நிலத்தில் சிக்கும்? கயிறு எதன்மீது உரசும்? வீட்டுக்கு வந்தபின் அதைக் கழுவிப் பார்த்து வைக்கப் போவது யார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கயிறு தானே முடிவாகிவிடும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்த அத்தியாயம் ஜீப்பின் முன்பக்கம் பொருத்தும் மின்சார வின்ச்சைப் பற்றியது. அது தரையோடு இழுப்பதற்கான கருவி. கிணறு தூர்வாரும் கிரேனுக்கோ, போர்வெல் மோட்டாரை மேலே தூக்கவோ, ஆளை இறக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. தூக்கும் வேலைக்கான கருவி, பிரேக், கயிறு, பாதுகாப்புக் கணக்கு எல்லாமே வேறு.

இரும்புக் கயிறு

கம்பிக் கயிறு பிறந்தது ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில். அங்கே தாதுவை மேலே ஏற்ற இரும்புச் சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். சங்கிலியில் ஒரு வளையம் விட்டாலும் மொத்தச் சுமையும் கீழே போய்விடும், முன்னறிவிப்பு கிடையாது. 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். ஒரு கம்பி அறுந்தால் மற்றவை சுமையை ஏற்றுக்கொள்ளும். அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்று எச்சரிக்கும். இன்றும் இரும்புக் கயிற்றின் பெரிய நற்குணம் இதுதான்.

வண்டி வின்ச்சில் வழக்கமாக வருவது 7×19 வகை. அதாவது 7 புரி, ஒவ்வொரு புரியிலும் 19 மெல்லிய கம்பி, மொத்தம் 133 கம்பி, மேலே துத்தநாகப் பூச்சு. இத்தனை மெல்லிய கம்பிகள் எதற்கு? வளைவதற்கு. கிரேன்களில் டிரம்மின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல 18 மடங்கு அளவில் இருக்கும். வண்டி வின்ச்சின் டிரம்மோ பெரும்பாலும் 64 மி.மீ. அளவுதான். 9 மி.மீ. கயிறு என்றால் வெறும் 7 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் கயிறு இவ்வளவு இறுக்கமாக வளைய வேண்டியிருப்பதால், கிரேன் கயிற்றுக்குக் கிடைக்கும் ஆயுளை வின்ச் கயிற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

சிந்தெடிக் கயிறு

வின்ச்சுக்கான சிந்தெடிக் கயிறு என்றால் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழையால் ஆனது என்று பொருள். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் 1990இல் டைனீமா என்ற பெயரில் இதை வணிக அளவில் கொண்டுவந்தது. அமெரிக்கத் தயாரிப்பான ஸ்பெக்ட்ராவும் இதே இனம். பொதுவாக 12 புரிகளை உள்ளீடற்ற குழாய் வடிவில் பின்னியிருப்பார்கள். அந்த உள்வெற்றிடம்தான் பின்னால் கயிற்றை ஒட்டுப்போட உதவப் போகிறது.

கயிற்றுக் கடையில் கவனம் தேவை. நம் கடைகளில் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றுக்கும் நைலான் கயிறு என்றுதான் பெயர். மீன்பிடிக் கயிறு, லாரி தார்ப்பாய் கட்டும் கயிறு எதுவும் வின்ச்சுக்கு ஆகாது. பாலிபுரோப்பிலீன் கயிற்றுக்கு வலு போதாது. அசல் நைலான் கயிறு வேறு விதத்தில் ஆபத்து: சுமையில் வெகுவாக நீளும், அந்த நீட்சியில் சக்தி சேர்ந்துகொண்டே போகும், அறுந்தால் மொத்தத்தையும் ஒரே வீச்சில் வெளிவிடும். பில்லில் இழையின் பெயரும், விட்டமும், அறுபடும் சுமையும் எழுதித் தராத கயிற்றை வாங்காதீர்கள்.

எடையும் வலுவும்

9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கும் வின்ச்சை எடுத்துக்கொள்வோம். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவிசை வேண்டும் என்பது பொது விதி. 2,200 கிலோ எடையுள்ள ஜீப்புக்கு 3,300 கிலோ போதும் என்பதால் இந்த வின்ச் தாராளம்.

9.5 மி.மீ. இரும்புக் கயிறு சுமார் 6.5 டன்னில் அறும். 10 மி.மீ. அளவுள்ள தரமான சிந்தெடிக் கயிறு சுமார் 8 டன் வரை தாங்கும். எடையில்தான் உண்மையான வித்தியாசம். 28 மீட்டர் இரும்புக் கயிறு சுமார் 10 கிலோ. அதே நீளச் சிந்தெடிக் கயிறு 2 கிலோவுக்கும் குறைவு. முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும் எடையில் 8 கிலோ குறைவது முன் ஸ்பிரிங்குக்கு நல்லதுதான். ஆனால் அதன் அருமை, சேற்றில் முழங்கால் புதைய மேட்டில் ஏறிக் கயிற்றை மரம்வரை கொண்டுபோகிறவருக்குத்தான் தெரியும். மலேசியக் காடுகளில் 1997இலும் கோவாவில் 2014இலும் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் துணை ஓட்டுநர் ஒரே நாளில் பலமுறை இப்படி ஓட வேண்டியிருக்கும். சிந்தெடிக் தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஓடையைக் கடக்கும்போதும் வசதி. இரும்பு அடியில் போய்ச் சேற்றில் தேட வைக்கும்.

கயிறு எதுவானாலும் வின்ச் பெட்டியில் எழுதியுள்ள இழுவிசை டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். மேலே ஏறும் ஒவ்வோர் அடுக்கிலும் 10 முதல் 15 சதவீதம் குறையும். அதனால் கயிற்றைத் தாராளமாக வெளியே இழுத்து, தூரத்து மரத்தில் மாட்டுவது நல்லது. ஆனால் முழுவதையும் இழுத்துவிடாதீர்கள். டிரம்மில் இரும்புக்கு 5 சுற்றும், வழவழப்பான சிந்தெடிக்குக்கு 10 சுற்றும் மிச்சமிருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சுற்றுகளின் பிடிமானம்தான். டிரம்மில் உள்ள சின்னத் திருகு சுமை தாங்காது.

அறுந்தால் என்ன ஆகும்?

சிந்தெடிக் பக்கம் பலரும் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். இரும்புக் கயிறு கனமானது. சுமையில் அறுந்தால் அந்தக் கனம் முழுவதும் வேகம் பிடித்துச் சுழன்று வரும்; கை காலைத் துண்டாக்கிவிடும். சிந்தெடிக் கயிற்றுக்கு எடை குறைவு, நீட்சியும் குறைவு. அறுந்தால் பெரும்பாலும் தொய்ந்து தரையில் விழும்.

"பெரும்பாலும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து கயிற்றில் மட்டும் இல்லை. நுனியில் இருக்கும் இரும்புக் கொக்கி, ஷேக்கிள், வண்டியிலிருந்து பிய்ந்து வரும் கொக்கி வளையம் ஆகியவையும் பறந்து வரும். கயிறு சிந்தெடிக் என்பதால் அவை மெதுவாகப் பறப்பதில்லை. சிந்தெடிக் கயிறு வாங்குகிறவர்கள் கூடவே சாஃப்ட் ஷேக்கிளும் வாங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும். அதே இழையில் பின்னிய வளையம்தான் அது. இரும்பு ஷேக்கிள் இருக்கும் இடத்தில் அதை மாட்டலாம்.

இரண்டு கயிற்றுக்கும் பொதுவான ஒழுங்கு இது:

• கயிற்றின் நடுவில் டேம்பர் எனும் கனமான போர்வையை அல்லது ஈரக் கோணியைப் போடுங்கள். சிந்தெடிக்குக்கும் போட வேண்டும்.
• நீட்டிய கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்குங்கள். இறுகி நிற்கும் கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.
• கொக்கியின் வாய் வானத்தைப் பார்த்திருக்கட்டும். கழன்றால் தரையை நோக்கிப் போகும்.
• மரத்தில் கயிற்றைச் சுற்றி அதன்மேலேயே கொக்கியை மாட்டாதீர்கள். மரத்தில் அகலமான துணிப் பட்டையைச் சுற்றி, ஷேக்கிள் போட்டு மாட்டுங்கள்.
• தோல் கையுறை கட்டாயம். கயிற்றைக் கைக்குள் வழுக்கி ஓடவிடாமல், கை மாற்றிக் கை மாற்றிப் பிடியுங்கள்.

உரசல், சூடு, வெயில், உப்பு

பாறை விளிம்பில் இரும்புக் கயிறு உரசினால் கம்பி தேயும், பூச்சு போகும், வேலை நடக்கும். சிந்தெடிக் கயிறு உரசினால் புரி அறும். சுமையில் இறுகிய கயிறு கூர்மையான கல்லில் பக்கவாட்டில் நகர்ந்தால் கத்தி வைத்ததற்குச் சமம். இதற்காக விற்கப்படும் உறையைக் கயிற்றின்மேல் நகர்த்தி உரசும் இடத்தில் நிறுத்தலாம். ஆனால் மழையில், இருட்டில், வண்டி சரிந்து நிற்கும்போது அதை யார் நினைவாகச் செய்யப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சூடு வெளியே தெரியாத எதிரி. இந்த இழை சுமார் 145 முதல் 150 டிகிரி செல்சியஸில் உருகும்; 70 டிகிரியைத் தாண்டும்போதே வலு குறைய ஆரம்பித்துவிடும். பல வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. இழுக்கும்போது அது அவ்வளவாகச் சுடாது. சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது, உதாரணமாகச் சரிவில் வண்டியை மெல்ல இறக்கும்போது, பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் கொதிக்கும். அடி அடுக்குக் கயிறு அங்கேயே வெந்துபோகும். மேலே உள்ள அடுக்குகள் புதிதுபோலவே இருக்கும். அதனால்தான் நல்ல கயிறுகளில் முதல் அடுக்குக்குச் சூடு தாங்கும் உறை போட்டு விற்கிறார்கள். வார்ன் 8274 போன்ற சில வின்ச்களில் பிரேக் டிரம்முக்கு வெளியே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் வின்ச்சில் பிரேக் எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுக் கயிறு வாங்குங்கள்.

வெயில் மேலடுக்கை மெல்ல அரிக்கும். அதற்கு டிரம்மின்மேல் ஒரு மூடி போதும். சேற்று மணல் அதைவிடக் கெட்டது: பின்னலுக்குள் புகுந்து, ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே இழையை அறுக்கும். பேட்டரி அமிலமும் மற்ற ரசாயனங்களும் கயிற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புக்கு எதிரி ஈரமும் உப்பும். கடற்கரை மணலில் ஓடும் வண்டியில் துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் துரு உள்ளே இறங்கிவிடும். மேல் கம்பி பளபளக்கும்போதே உள்கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். இன்னொரு எதிரி மடிப்பு. கயிறு தளர்ந்து வளையமாகக் கிடக்கும்போது இழுத்துவிட்டால் அந்த வளையம் இறுகி முறிந்த மடிப்பாகும். பிறகு சுத்தியலால் தட்டி நேராக்கினாலும் போன வலு திரும்பாது.

யாருக்கு எது?

மாதம் ஒருமுறையாவது காட்டுப் பாதையில் ஓட்டி, சேற்றில் சிக்கி, நண்பர்களோடு கூடி இழுக்கிறவருக்குச் சிந்தெடிக். கயிற்றைச் சுற்றி ஆட்கள் நிற்கும் வாய்ப்பு அதிகம். கயிற்றைத் தூக்கி ஓடும் வேலையும் அதிகம். போட்டிக்குப் போகிறவருக்கும் இதேதான்.

எஸ்டேட் ஜீப்புக்கு இரும்பு. வண்டி ஆண்டு முழுதும் மழையிலும் வெயிலிலும் நிற்கும். ஓட்டுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார். கயிறு கல்லிலும் வேரிலும் உரசும். விழுந்த மரத்தை இழுக்கவும் அதே வின்ச்தான். இங்கே சிந்தெடிக் கயிறு போட்டால் கவனிப்பாரில்லாமல் கெடும். கெட்டது தெரியவேண்டிய நாளில் தெரியாது.

நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வண்டியை இழுக்கும் ரெக்கவரி வண்டிக்கும் இரும்பே பொருத்தம். உடைந்த தகடுகளின் விளிம்பிலும் தார்ச்சாலையிலும் கயிறு தினமும் உரசும்.

கடற்கரையில் ஓட்டுகிறவருக்குச் சிந்தெடிக், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இரண்டு கயிறுமே நிலைக்காது.

ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுத்தினாலே அதிகம் என்பவர், வின்ச்சோடு வந்த இரும்புக் கயிற்றையே வைத்துக்கொள்ளலாம். சிந்தெடிக் கயிற்றின் விலை பொதுவாக இரண்டு மூன்று மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு ஸ்னாட்ச் பிளாக் (கப்பி), மரத்தில் சுற்றும் பட்டை, டேம்பர், நல்ல கையுறை எல்லாம் வாங்கிவிடலாம். முதலில் அவை வேண்டும்.

இரும்புக் கயிறு வாங்குகிறவர்கள் ஐஎஸ் 2266 தரக்குறியையும் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ராஞ்சியின் உஷா மார்ட்டின் போன்ற தயாரிப்பாளர்களின் கயிறு வன்பொருள் சந்தைகளில் கிடைக்கும். ஆனால் விட்டம் ஒன்றாக இருந்தாலும் கம்பி அமைப்பு வேறாக இருக்கலாம். தடித்த கம்பிகள் கொண்ட விறைப்பான வகை சின்ன டிரம்மில் சுற்றாது.

இரும்பிலிருந்து சிந்தெடிக்குக்கு மாற்றுவது

கயிற்றை மட்டும் மாற்றினால் போதாது. முதலில் கயிறு வெளியே வரும் வாயான ஃபேர்லீட்டைக் கவனியுங்கள். கம்பிக் கயிறு ஓடிய உருளைகளில் பிசிறும் கீறலும் இருக்கும். புதுக் கயிற்றை அவை முதல் நாளே அரித்துவிடும். உருளைகளைக் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட்டைப் போடுங்கள். மறுபடி இரும்புக்குத் திரும்பினால் உருளைக்கும் திரும்ப வேண்டும். அலுமினியத்தில் கம்பிக் கயிறு பள்ளம் தோண்டிவிடும்.

அடுத்து டிரம். விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் எந்தப் பிசிறையும் எமரித் தாளால் தேய்த்து எடுங்கள். கயிற்றின் நுனியைக் கையேட்டில் சொன்னபடி மாட்டி, முதல் அடுக்கை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். முழுக் கயிற்றையும் சுமையோடுதான் சுற்ற வேண்டும். லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, கயிற்றை மரத்தில் மாட்டி, வண்டி தன்னையே மெல்ல இழுத்து ஏறும்படி விடுங்கள். கூட ஒருவர் தூரத்தில் நின்று அடுக்கு நேராக விழுகிறதா என்று பார்க்கட்டும். தளர்வாகச் சுற்றிய கயிற்றின் மேலடுக்கு, பெரிய சுமை வந்ததும் கீழடுக்குக்குள் பிளந்துகொண்டு இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இரும்புக் கயிற்றுக்கும் இந்த விதி உண்டு.

சோதிப்பதும் கழிப்பதும்

இரும்புக் கயிற்றைச் சோதிக்க ஒரு பழைய வேட்டித் துண்டு போதும். கையுறை போட்டுக்கொண்டு, துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி டிரம் பக்கமிருந்து கொக்கிவரை மெதுவாக நடங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே அறுந்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு புரி கயிற்றை ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் 6 கம்பி அறுந்திருந்தாலோ, அந்த நீளத்தில் ஒரே புரியில் 3 கம்பி அறுந்திருந்தாலோ கயிற்றைக் கழித்துவிடுங்கள். இது கிரேன் கயிற்றுக்கான அளவுகோல். வின்ச்சுக்கும் அதையே வைத்துக்கொள்வது நல்லது. முறிந்த மடிப்பு, கூண்டுபோல் விரிந்த புரி, பொரியும் துரு இவற்றில் எது இருந்தாலும் எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

சிந்தெடிக் கயிற்றைக் கண்ணாலும் கையாலும் பாருங்கள். மேலே லேசாகப் பஞ்சு கிளம்புவது இயல்பு. அது உள்ளே இருப்பதைக் காக்கும். நல்ல கயிறு மெத்தென்று மடங்கும். சூடுபட்ட இடம் பளபளத்து, பிளாஸ்டிக் குச்சிபோல் விறைத்து நிற்கும். இரண்டு கைகளாலும் கயிற்றை உள்நோக்கித் தள்ளினால் பின்னல் விரிந்து வாய் திறக்கும். உள்ளே மணல் தெரிந்தால் வாளித் தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவிடுங்கள். உள்ளே பொடியாக இழை உதிர்ந்தாலோ, தேய்மானத்தில் கயிறு கால்பங்கு மெலிந்திருந்தாலோ கழிக்க வேண்டியதுதான். டிரம்மில் எப்போதும் தங்கியிருக்கும் அடிச்சுற்றுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுக்க அவிழ்த்துப் பாருங்கள். சூடு பட்டிருந்தால் அங்கேதான் தெரியும்.

நடுவழியில் அறுந்தால் சிந்தெடிக்கில் முடிச்சுப் போடாதீர்கள். வழுக்கும் இழை, முடிச்சு நழுவும், நழுவாவிட்டாலும் வலுவில் பாதிக்குமேல் போய்விடும். ஒரு நுனியை மற்றதன் உள்வெற்றிடத்துக்குள் செலுத்தும் பின்னலை வீட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். உள்ளே போகும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு, 10 மி.மீ. கயிற்றுக்கு 72 செ.மீ. சரியாகச் செய்த பின்னல் ஏறக்குறைய முழு வலுவையும் தாங்கும், டிரம்மிலும் சுற்றும்.

இரும்புக் கயிறு அறுந்தால் திம்பிள் எனும் உலோகக் கண்ணில் மடக்கி மூன்று யு கிளாம்ப் போட்டு அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம். கிளாம்பின் அகன்ற அடிப்பாகம் சுமை வரும் கயிற்றின்மேல் உட்கார வேண்டும். யு வளைவு வெட்டுநுனிமேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் கயிற்றையே வளைவு நசுக்கிவிடும். வீடு வந்ததும் அந்தக் கயிற்றுக்குப் புது முனை போட வேண்டும், அல்லது புதுக் கயிறு வாங்க வேண்டும்.

கயிறு வாங்கிய மாதத்தையும் கடைசியாக அவிழ்த்துப் பார்த்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி வின்ச்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். வண்டி கை மாறினாலும் அடுத்து ஓட்டுகிறவர் எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும்.